வேணாம் நானாவும் இருபத்தெட்டு மணப்பெண்களும்

உலகத்தில் உள்ள அத்தனை ஆப்பையும் பாவித்துப் பார்த்த ஒரே மனிதர், புத்தளம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறார். இல்லை என்று சொல்ல விரும்புகிறவன் என் முன்னால் வந்து சொல்லட்டும்.

சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. என்ன கேட்டாலும் முதல் பதில் "வேணாம்". அதனால் ஊருக்கே அவர் வேணாம் நானா; நானா என்றால் எங்கள் பேச்சில் அண்ணன்.

போனில் ஒன்றைத் தேடினால் ஆயிரம் வருகிறது. முக்கால்வாசி குப்பை. நானா ஏழு பழைய போன்கள் வைத்திருக்கிறார். எந்த ஆப்பையும் ஒரு கிழமை, ஏழு நாளும், தானே பாவிப்பார். பிறகுதான் பழைய கலண்டரின் பின்பக்கத்தில் எழுதிச் சுவரில் மாட்டுவார். "விளம்பரம் கூட. பொறுக்கலாம்." "இவன் கள்ளன். போனில உள்ள நம்பரெல்லாம் கேக்கிறான்." இதை வாசிக்க மதுரங்குளியிலிருந்து ஆட்கள் பஸ் ஏறி வருகிறார்கள்.

ஒருநாள் உப்பு முதலாளி ஒருவர் ஒரு கேமைக் காட்டினார்.

"அஞ்சு ஸ்டார் இரிக்கி நானா!"

"ஸ்டார் போட்டது உங்கட வாப்பாவா? வேணாம்."

முதலாளி, நானா சொன்ன வேறொரு கேமைப் போட்டுக்கொண்டு போனார்.

நான் த்ரீவீல் ஆட்டோ ஓட்டுகிறவன். வண்ணாத்திவில்லுப் பாதையில் ஒரு மாட்டுக்கு விலத்தப் போய்க் கவிழ்ந்தேன். மாட்டுக்கு ஒன்றுமில்லை. என் வலது கை விரல்கள் மடங்க மறுத்தன. எக்ஸலேட்டர் முறுக்குவது அந்தக் கையால்தான். விரலுக்குப் பயிற்சி கொடு, இல்லாவிட்டால் ஓட்டத்தை மறந்துவிடு என்றார் டொக்டர். பயிற்சிக்குத் தந்த ரப்பர் பந்தை எரிச்சலில் கூரைக்கு மேலால் எறிந்துவிட்டு நானாவிடம் போனேன்.

"விரலுக்குப் பயிற்சி வேணும். கார் ரேஸ் கேம் ஒண்டு போட்டுத் தாங்க நானா."

"வேணாம்."

"ஏன்?"

"அது விரலுக்கில்ல தம்பி, கோவத்துக்கு. கோவம் உங்களுக்கு ஏற்கெனவே நல்லா வேல செய்யுது. வார கிழம வாங்க."

ஏசிவிட்டு வந்தேன். அடுத்த கிழமை போனால், நானாவின் வலது கை விரல்கள் ஐஸ்பழக் குச்சிகளோடு சேர்த்துச் சீலைத் துணியால் கட்டிக் கிடந்தன.

"என்ன நானா, விழுந்தீங்களா?"

"இல்ல. உங்கட கை மாதிரி கட்டிப் பாத்தன்."

ஒரு கிழமை முழுக்க! இடது கையால் போன் கழற்றி, தேத்தண்ணியை மேசையெல்லாம் ஊற்றி, மனைவி வாயில் சோறு தீத்த, கட்டிய வலது கையால் நாற்பத்தொரு கேம் விளையாடியிருக்கிறார்.

நாற்பத்தொன்றில் அவர் தேர்ந்தது, மணப்பெண் கைக்கு மருதோன்றி போடும் கேம்.

"எனக்கா?"

"ஓம். பெருவிரலையும் மத்த விரலையும் சேத்து ஸ்க்ரீன்ல அமத்தினாத்தான் கோன்ல இருந்து மருதோண்டி வரும். அவசரப்பட்டா அப்பிரும். கோவக்காரனுக்கு இதுதான் சரி."

த்ரீவீல் ஸ்டாண்டில் கூட்டாளிகள் முன்னால் என் மானம் போனது.

"மச்சான், மாப்புள வீட்டுக்காரங்க வந்துட்டாங்க. கெதியா முடி!"

முதல் பத்துப் பெண்களின் கையும் சேறு மிதித்த கால் மாதிரி இருந்தது. பதினைந்தாவது பெண்ணுக்குப் பூ வந்தது. இருபதாவது பெண்ணுக்கு மயில் வந்தது. மூன்றாம் மாதம் எக்ஸலேட்டரைப் பிடித்தேன். விரல்கள் மடங்கின. முறுக்கினேன். வண்டி நேரே நானாவின் கடை வாசலில் போய் நின்றது.

கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். போனை வாங்கினார். கேமை அழித்தார்.

"நானா! இருபத்தெட்டாவது பொம்புள பாதியில நிக்கிறா!"

"இனி வேணாம். கை சரி."

கலண்டரில் புதிதாக ஒரு வரி எழுதினார்: "மருதோண்டி கேம். விரல் மடங்காதவங்களுக்கு. ரெண்டு பேர்ட கையில பாத்தது."

இப்போதும் தினமும் காலையில் அந்த வாசலில் வண்டியை நிறுத்தி, "நானா, பஸ் ஸ்டாண்டுக்கு விடட்டா?" என்று கேட்கிறேன். ஸ்டாண்ட் நாற்பது அடி தூரம். அவர் தலை நிமிராமல் "வேணாம்" என்கிறார். அதைக் கேட்காமல் நான் முதல் ஹயருக்கு ஆள் ஏற்றுவதில்லை.