மொட்டைத் தலையில் விழுந்த 'டிரையல்'

கம்ப்யூட்டர் டிப்ளமா படித்தவளுக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று நம்புவது, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவருக்கு டிரைவிங் தெரியும் என்று நம்புவது மாதிரி. வடமதுரையில் என் மாமியார் வீடு என்னை அப்படித்தான் நம்பியது. (நானும் மறுக்கவில்லை. சும்மா வருகிற மரியாதையை யார் வேண்டாமென்பார்?)

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் என் நாத்தனார் மலரின் மகள் யாழினிக்கு மொட்டையடித்துக் காது குத்தினோம். துபாயில் இருந்த மலரின் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. "போட்டோவாவது அனுப்புங்க" என்று போனில் சொல்லியிருந்தார். என் கணவரின் நண்பரிடம் டிஜிட்டல் கேமரா வாங்கிப் படம் எடுத்தோம். எல்லாவற்றையும் எங்கள் கம்ப்யூட்டரில் ஏற்றி, கேமராவில் இருந்ததை அழித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தோம்.

அப்படியே அனுப்பியிருக்கலாம். எனக்குப் பாட்டோடு படம் மாறும் ஆல்பம் செய்ய ஆசை. அதற்கான சாஃப்ட்வேரோ, காசு கட்டாததால், ஒவ்வொரு படத்திலும் பிள்ளையின் மொட்டைத் தலைக்குக் குறுக்கே 'டிரையல்' என்று எழுதியது. நான் காசு கட்டுவேனா? பிரவுசிங் சென்டரில் அதன் பூட்டை உடைக்கிற குட்டி புரோகிராம் ஒன்றை சிடியில் எடுத்து வந்தேன்.

'ஆன்டிவைரஸை நிறுத்தவும்' என்றது. நிறுத்தினேன். (திருடன் வந்து "நாயைக் கட்டிப்போடுங்க" என்றால், கட்டிப்போட்டுவிட்டுக் காபியும் கொடுக்கிற ரகம் நான்.) டொய்ங் டொய்ங் என்று பாட்டு வேறு.

"என்ன மதினி, பாட்டெல்லாம் பாடுது?" என்றாள் மலர்.

"அது அப்படித்தான். செத்த நேரம் பொறு."

'டிரையல்' போனது. கூடவே படங்களும் ஒவ்வொன்றாகத் திறக்க மறுத்தன. பிறகு திரையே கறுத்துவிட்டது. திண்டுக்கல் சர்வீஸ் கடைக்காரர் நாள் முழுக்கப் பார்த்துவிட்டு, "வைரஸ், அக்கா. எதுவும் மிஞ்சல" என்றார்.

கேமராவில் ஏதாவது மிச்சமிருக்குமா என்று நண்பர் வீட்டுக்கு ஓடினோம். இல்லை. ஆனால் கேமரா பெட்டிக்குள் உறை பிரிக்காத சிடி ஒன்று கிடந்தது. ஆல்பம் செய்கிற சாஃப்ட்வேர். கேமராவோடு இலவசமாக வந்தது. என் கணவர் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

துபாய்க்கு நானே போன் போட்டேன்.

"அண்ணே, படமெல்லாம் போச்சு. என்னாலதான்."

"பிள்ளை ரொம்ப அழுதாளாம்மா?" என்றார்.

"முதக் காதுக்குச் சும்மாதான் இருந்தா. விஷயம் தெரிஞ்சுபோய் ரெண்டாவதுக்குத்தான் அம்புட்டு அழுகை. மாமன் மடியையே நனைச்சுட்டா."

சிரித்தார். "இன்னொருக்கா சொல்லும்மா."

சொன்னேன். இரண்டாவது தடவை அவர் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து சாஃப்ட்வேர் என்றால் காசு கொடுத்து வாங்குவேன். இல்லாவிட்டால், செய்தவர்களே இலவசமாகத் தருவதைப் போட்டுக்கொள்வேன். ஆனாலும் வீட்டில் இன்னும் விடுதலை இல்லை. போன மாதம் யாழினியைப் பெண் பார்க்க வந்தவர்கள் பழைய ஆல்பத்தைப் புரட்டிவிட்டு, "காதுகுத்துப் படம் இல்லையா?" என்றார்கள்.

யாழினி தோட்டைக் கழற்றிக் காதைக் காட்டினாள்.

"இந்த ஓட்டை மட்டுந்தான் இருக்கு. இதை அத்தை அழிக்காம விட்டுட்டாங்க."