ரைட்டு ஏறியாச்சா?

தான் வேலை பார்த்த பஸ்ஸையே கோட்டைவிட்ட கண்டக்டர், கள்ளக்குறிச்சியில் மட்டுமல்ல, தமிழ்நாட்டிலேயே எங்கள் ‘ரைட்டு’ ஒருவர்தான். அதுவும் ஒரு முறை அல்ல, மூன்று முறை. இதைச் சொல்ல எங்களுக்குக் கொஞ்சமும் வெட்கம் கிடையாது. வேறு எந்த ரூட்டுக்கு இப்படி ஓர் ஆள் வாய்த்தார்?

வெள்ளிமலையில் நான் டீச்சராக இருந்த ஆறு வருஷமும் அவர் பஸ்ஸில்தான் மலையேறினேன். பேச்சுக்குப் பேச்சு "ரைட்டு" என்பார், அதுவே பெயராகிவிட்டது. காலில் ஒரு செருப்பு அவருடையது, இன்னொன்று டிரைவருடையது. சைக்கிளில் டிப்போவுக்கு வந்து, நடந்தே வீடு திரும்பி, மறுநாள் காலையில் சைக்கிள் திருட்டுப் போய்விட்டதென்று தெருவையே கூட்டுவார்.

பஸ்ஸைக் கோட்டைவிட்டதும் இந்த லட்சணத்தில்தான். கொண்டை ஊசி வளைவில் மரவள்ளிக்கிழங்கு லாரி எதிரே வந்தால், இறங்கி நின்று விசில் கொடுத்து பஸ்ஸைப் பின்னுக்கு வாங்குவார். லாரி போனதும், நின்ற இடத்திலிருந்தே ‘போகலாம்’ என்று நீளமாக ஒரு விசில். டிரைவருக்கு விசில்தான் வேதம். பஸ் போய்விடும், ரைட்டு ரோட்டில் நிற்பார். பின்னால் வரும் ஜீப்பில் தொற்றிக்கொண்டு வந்து சேர்வார்.

ஆனால் பயணிகள் விஷயத்தில் அவரை யாரும் மிஞ்ச முடியாது. யார் எங்கே இறங்கணும், கூரைமேல் இருக்கும் கடுக்காய் மூட்டை யாருடையது, எவர் வீட்டு ஆடு குட்டி போட்டது, எல்லாம் தெரியும்.

"இவ்வளவு ஞாபகம் வெச்சிருக்கீங்க, சைக்கிள் மட்டும் எப்படிங்க மறக்குது?" என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"வூட்லயும் இதான் கேக்கறாங்க டீச்சர். நான் எங்க மறந்தேன்? யாருகிட்டயாவது பேசிக்கினே நிறுத்தியிருப்பேன். அத நான் பாக்கவே இல்ல. பாக்காதத எப்படி மறக்கறது?"

அதற்குப் பிறகு, பாடம் மறந்துபோச்சு என்று நின்ற பிள்ளைகளை நான் அடித்ததில்லை.

மூன்றாம் முறை பஸ்ஸை விட்டதும் யாரோ புகார் எழுதிவிட்டார்கள். செக்கிங் இன்ஸ்பெக்டர் வருவார், இன்னொரு தப்பு கண்டால் மலை பஸ்ஸிலிருந்து இறக்கி டிப்போவில் உட்கார வைத்துவிடுவார்கள் என்று பேச்சு.

"ஒரே எடத்துல குந்திக்கினு நான் இன்னா பண்ணுவேன் டீச்சர்?" என்றார். அன்றைக்குத்தான் அவரைச் சிரிப்பில்லாமல் பார்த்தேன்.

இன்ஸ்பெக்டர் ஏறியது சாயங்காலக் கடைசி பஸ்ஸில், அடிவாரத்தில், கச்சிராயபாளையத்தில். அங்கே பஸ் டீக்கு நிற்கும். டீ குடித்தவர்கள் திரும்ப ஏறியதும் காலியாக இருந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு சீட் சீட்டாக எண்ணினார்.

"டிக்கெட்டு நாப்பத்தொண்ணு, தலையும் நாப்பத்தொண்ணு. விசில் குடுய்யா."

"ஒருத்தங்க கொறையறாங்க சார்."

"கணக்கு சரியா இருக்குய்யா."

"கணக்கு இருக்கட்டும் சார். கள்ளக்குறிச்சியில மஞ்சத் துண்டுல கொழந்தயக் கட்டிக்கினு ஒரு பொண்ணு வந்துச்சு. கையில மருந்து பாட்டிலு. ‘இதான் கடைசி பஸ்ஸாண்ணா’ன்னு கேட்டுக்கினே ஏறுச்சு. அது இல்ல."

"லேட்டாவுது. இதையும் சேத்து எழுதட்டுமா?"

"எழுதுங்க சார்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். தொலைந்தது இவர் பிழைப்பு என்று நினைத்தேன்.

டீக்கடைக்குப் பின்னால் குழாயடியில், காய்ச்சல்காரக் குழந்தை வாந்தியெடுத்த துணியை அந்தப் பெண் அலசிக்கொண்டிருந்தாளாம். மருந்து பாட்டிலைத் தன் கையில் வாங்கிக்கொண்டு அவளைக் கூட்டிவந்தார். விட்டுப் போயிருந்தால் அந்தக் குழந்தையோடு விடியும்வரை அவளுக்கு ரோடுதான் கதி.

இன்ஸ்பெக்டர் மறுபடி எண்ணினார். நாற்பத்திரண்டு. இன்னொரு தடவை எண்ணினார். அதே நாற்பத்திரண்டு.

"உங்களையும் சேத்து எண்ணிக்கினு இருக்கீங்க சார்" என்றேன்.

எழுதின காகிதத்தை மடித்துப் பைக்குள் போட்டார். "நீ மலையிலயே இருய்யா" என்றார்.

"ரைட்டு சார்" என்று பாட்டிலை அந்தப் பெண்ணிடம் நீட்டிவிட்டு, சந்தோஷத்தில் நீளமாக ஒரு விசில் ஊதினார். ரோட்டில் நின்றபடியே.

பஸ் நகர்ந்தது.

"கண்டக்டரு அண்ணா ஏறலங்க" என்று முதலில் குரல் கொடுத்தது மஞ்சள் துண்டுப் பெண்தான். பிறகு பஸ்ஸே கத்தியது.

அன்றிலிருந்து, விசில் கேட்டால் எல்லாத் தலைகளும் கதவுப் பக்கம் திரும்பும். அவர் படியில் கால் வைப்பதைப் பார்த்த பிறகுதான் டிரைவருக்குப் "போலாம்" என்போம். அதற்கப்புறம் ஒரு நாளும் நாங்கள் அவரை விட்டுவிட்டு மலையேறியதில்லை.