பெண் வீட்டார் முன்னால் ரம்பம் பழுது பார்த்த கதை

கூச்ச சுபாவம் உள்ளவர்கள் வம்புக்குப் போகமாட்டார்கள் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நானும் அந்த ரகம்தான். கண்டக்டரிடம் "எறங்கணும்" என்று சொல்ல வெட்கப்பட்டு, அடுத்த ஸ்டாப்பிங்கில் இறங்கி நடந்து வந்தவன். ஆனால் ஓடாத மிஷின் ஒன்றைக் கண்டுவிட்டால் மட்டும் எனக்குள் எங்கிருந்தோ ஒரு இன்ஜினியர் எழுந்து வந்துவிடுவான். (படித்தது பத்தாவது. அதிலும் கணக்கில் அவ்வளவு சொல்லிக்கொள்ளும்படி இல்லை.)

எண்பதுகளின் நடுவில் உத்திரமேரூரில் ஒரு மரவாடியில் வேலை பார்த்தேன். வருகிற மரத்தை டேப் பிடித்து அளந்து எழுதுவதுதான் என் வேலை. அங்கே முதலாளி ஒரு செயின் ரம்பம் வாங்கி வைத்திருந்தார். கையில் தூக்கிப் பிடித்து மரம் அறுக்கிற பெட்ரோல் மிஷின். சுற்று வட்டாரத்தில் அது ஒன்றுதான். அதை ஓட்டுவது துரைசாமி அண்ணன். அவர் ஓட்டும்போது பக்கத்தில் நின்று பார்ப்பேன். பார்த்ததே படித்த மாதிரி எனக்கு.

எனக்குப் பெண் தேடிய அம்மா, தரகரிடம் "எம்புள்ள மிஷின் ஆப்ரேட்டரு" என்று சொல்லிவைத்திருந்தாள். அந்தப் பொய்யை நம்பித்தான் மாகறலிலிருந்து பெண் வீட்டார் விஜயதசமியன்று எங்கள் வீடு பார்க்க வருவதாக ஏற்பாடு.

முதல் நாள் ஆயுத பூஜை. துரைசாமி அண்ணன் ஊருக்குப் போய்விட்டதால் ரம்பத்தைத் துடைத்து அலங்காரம் செய்கிற பொறுப்பு எனக்கு. மரவாடிச் சாவியும் என்னிடமே இருந்தது. அன்றிரவு அடித்த காற்றில் எங்கள் ஊர் ரோட்டில் ஒரு வேப்பமரம் குறுக்கே சாய்ந்துவிட்டது. இரண்டு பக்கமும் நடவு நட்ட வயல், முழங்கால் சேறு. ஒரு பெரிய கிளையை வெட்டினால்தான் ஆள் நுழைய வழி.

விடிந்ததும் பக்கத்துத் தெரு கன்னியப்பன் கோடாலியோடு வந்தார்.

"தம்பி, நீ ஒரு கை புடி. அர அவுர்ல தள்ளிடலாம்."

"வேணாண்ணா. மிஷின் இருக்குது" என்றேன். வாழ்க்கையில் அவ்வளவு தெனாவட்டாக நான் பேசியது அதுதான் முதலும் கடைசியும்.

சைக்கிளில் போய், யாரையும் கேட்காமல் ரம்பத்தைக் கட்டி எடுத்து வந்தேன். கயிற்றை இழுக்கவும், மரத்துக்கு அந்தப் பக்கம் வாடகைக் கார் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. பெண்ணின் அப்பா இறங்கினார். வெள்ளை வேட்டி, பெரிய மீசை. பின்னாலேயே அவர் தங்கை, அதாவது பெண்ணின் அத்தை, பட்டுப்புடவையும் தாம்பாளமுமாக இறங்கினார்.

"தோ, மாப்ளப் பையனே மிஷினோட நிக்கிறாப்ல" என்றார் அப்பா, சந்தோஷமாக.

இழுத்தேன். பத்து தடவை. இருபது தடவை. மிஷின் ஒரு இருமல்கூட இருமவில்லை.

'பிளக்' என்று முடிவு செய்தேன். கழற்றினால் பெட்ரோலில் நனைந்திருந்தது. துடைத்து, உப்புத்தாளில் தேய்த்து, பொறி வருகிறதா என்று பார்க்க ஒரு கையில் பிளக்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கயிற்றை இழுத்தேன். (பிளக்கின் இரும்பை மிஷினோடு ஒட்டிவைக்க வேண்டும், ரப்பரைத்தான் பிடிக்க வேண்டும். நான் இரும்பைப் பிடித்திருந்தேன்.) பொறி வந்தது. என் தோள்பட்டை வரை வந்தது. "ஹேய்" என்று கத்திக்கொண்டு குதித்தேன்.

அத்தை கன்னியப்பனைக் கேட்டார்: "இன்னாங்க இது, புள்ளைக்கி சாமி வருமா?"

"வராதும்மா. இன்னிக்கிதான் ஆரம்பம்" என்றார் கன்னியப்பன்.

அடுத்து பெட்ரோலை மோந்து பார்த்தேன். நல்ல பெட்ரோல்தான். சரி, செயின் இறுகியிருக்கும் என்று பக்கவாட்டு மூடியைக் கழற்றி, செயினை உருவி, இடுக்கிலிருந்த மரத்தூளைத் தென்னங்குச்சியால் நோண்டி, திரும்ப மாட்டினேன். இன்ஜின் ஓடாததற்கும் செயினுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பார்ப்பவர்களுக்கு வேலை நடக்கிற மாதிரி இருக்க வேண்டுமே!

மறுபடி இழுத்தேன். இப்போது அத்தை கிளைக்கு நடுவில் தலையை நீட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஏம்பா, மேல அந்த ஓட்டையெல்லாம் சந்தனத்த அப்பிக்கினு கீதே. மூக்க அடச்சா அது எப்பிடி மூச்சு வுடும்?"

மிஷினுக்குக் காற்றுப் போகிற மூடியைத்தான் அதன் நெற்றி என்று நினைத்து, முதல் நாள் பட்டை பட்டையாகச் சந்தனம் பூசியிருந்தேன். பக்தி அதிகமாகி உள்ளே இருந்த வலைவரை போய்க் காய்ந்து கெட்டியாகிவிட்டது.

சுரண்டி எடுத்தேன். ஒரே இழுப்பு. ரோடே அதிர மிஷின் உறுமியது. நான் அத்தையைப் பார்த்து, ஏதோ நானே கண்டுபிடித்த மாதிரி தலையாட்டிவிட்டு, ரம்பத்தைக் கிளையில் வைத்து அழுத்தினேன்.

புகை வந்தது. கீச்சென்ற சத்தம் வந்தது. பட்டை கறுத்துப் பளபளவென்று ஆனது. மரம் மட்டும் அறுபடவில்லை. நான் இன்னும் அழுத்தினேன். கன்னியப்பன் ஒரு பீடியைப் பற்றவைத்து உட்கார்ந்துவிட்டார். மிஷினை நிறுத்திப் பார்த்தபோதுதான் தெரிந்தது: செயினைத் தலைகீழாக மாட்டியிருக்கிறேன். பல்லெல்லாம் பின்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன.

பெண்ணின் அப்பா கிளை வழியாகக் குனிந்து மெதுவாகக் கேட்டார். "தம்பி, நெசமாச் சொல்லு. இத்த நீதான் ஓட்றியா?"

"இல்லீங்க" என்றேன். "நான் மரம் அளக்கறவனுங்க."

அவர் தங்கையைத் திரும்பிப் பார்த்தார். அத்தை பேசினார். "வாண்ணா, காரத் திருப்பச் சொல்லு. ஒரே பேஜாரு."

அந்தக் கார் திரும்பியிருந்தால் என் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் காருக்குப் பின்னால் அதற்குள் நாலு மாட்டுவண்டி வந்து நின்றுவிட்டது. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. பெண்ணின் அப்பா சட்டையைக் கழற்றி அத்தையிடம் கொடுத்தார். துண்டைத் தலையில் கட்டினார். "அந்தக் கோடாலிய இப்டி குடுப்பா" என்றார் கன்னியப்பனிடம்.

இருவரும் மாறி மாறி வெட்டினார்கள். நான் சுள்ளி பொறுக்கினேன்.

வழி கிடைத்ததும், வந்ததற்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவோம் என்று எங்கள் வீட்டு வாசல் வரை வந்தார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பேச்சு முடிந்து சம்மதம் சொல்கிறவரை, பெண் வீட்டார் பையன் வீட்டில் பச்சைத்தண்ணிகூடக் குடிக்கமாட்டார்கள். குடித்துவிட்டால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம்.

அம்மா மரியாதைக்காக ஒரு சொம்பு மோரை நீட்டினாள். வெயிலில் கோடாலி போட்ட மனிதர். வாங்கினார், அண்ணாந்தார், மடமடவென்று குடித்தார்.

"யண்ணா!" என்று அத்தை கையை நீட்டுவதற்குள் சொம்பு காலி.

அம்மா தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள்: "சம்பந்தி கை நனைச்சிட்டாரு!"

மீசையில் மோரோடு அவர் எங்களைப் பார்த்தார். காலிச் சொம்பைப் பார்த்தார். எண்ணெய் அப்பிய என் மூஞ்சியைப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். தை மாதம் கல்யாணம்.

என் மாமனார் சாகிற வரைக்கும், "நான் ஒத்துக்கவே இல்ல. எனக்குத் தாகம், அவ்ளோதான்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டுச் சண்டைகள் எல்லாம், "ஒரு சொம்பு மோருல என்னத் தள்ளி வுட்டாரு எங்கப்பா" என்ற இடத்தில்தான் முடியும்.

சில வருஷம் முன்பு எங்கள் பெண்ணுக்காக ஒரு பையன் வீடு பார்க்கக் கிளம்பினேன். என் மனைவி இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலை என் கையில் திணித்தாள்.

"அங்க போயி நாக்கு வறண்டாலும் இத்தத்தான் குடிக்கணும். அப்புறம் இன்னொண்ணு. மிஷினு எதுனா ரிப்பேர் பண்ணத் தெரியுமான்னு அந்தப் பையன மொதல்ல கேளுங்க. தெரியும்னு சொன்னான்னா, பேசாம எழுந்து வந்துடுங்க."