காயாத பெயிண்ட்

ஊராட்சி அலுவலகக் கொட்டகையில் ஜெனரேட்டர் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. கிளார்க் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். மதியம் ஊர்க் கூட்டம். ஊர்ப் பணத்தில் வாங்கிய சாமான்களையெல்லாம் தணிக்கை அதிகாரி ஜனங்கள் முன்னால் ஓட்டிப் பார்ப்பார். ஒன்று குறைந்தாலும் வேலை காலி.

வீட்டுக்குப் போன் போட்டார்.

"உன் தம்பி எங்கடி? கடைக்கு ரெண்டு நாள் வேணும்னு ஜெனரேட்டரைத் தூக்கிட்டுப் போனவன், போனை ஆஃப் பண்ணி வெச்சிருக்கான்!"

"ஊர்ச் சாமானை இரவல் குடுத்தது நீங்க. திட்டு மட்டும் என் தம்பிக்கா?" என்றாள் மனைவி.

நியாயம்தான். நியாயத்தை வைத்துக்கொண்டு கூட்டத்தில் மைக் ஓடுமா?

ஜெனரேட்டர் இரவல் கேட்டுப் பக்கத்து ஊராட்சிக் கிளார்க்கிடம் ஓடினார். "எங்க தணிக்கை நேத்தே முடிஞ்சுது. எடுத்துட்டுப் போங்க. ஆனா சாயங்காலத்துக்குள்ள வந்துடணும்," என்றார் அவர், கொஞ்சம் பதற்றமாகவே.

வண்டியில் ஏற்றிய பிறகுதான் உறைத்தது. இது பச்சை. ஊரார் பார்த்துப் பழகியது நீலம். ஐயோ! வழியில் பெயிண்ட் வாங்கி அள்ளிப் பூசினார். பழைய பச்சையும் பிசுபிசுத்தது. காயட்டும் என்று வெயிலில் வைத்தால், தெருப் புழுதியெல்லாம் ஒட்டிக்கொண்டது.

கூட்டத்தில் அதிகாரி அதைத் தட்டிப் பார்த்தார். உள்ளங்கை நீலமாயிற்று.

"போன வருஷம் வாங்கினதுன்னீங்க. பெயிண்ட் இன்னும் காயலையே?"

"பராமரிப்பு சார். அடிக்கடி அடிப்போம்."

"அடிக்கடியா? அந்தச் செலவு யார் தலையில?" என்று டீக்கடைக்காரி எழுந்தாள்.

"என் சொந்தக் காசும்மா!" என்று உளறிவிட்டார் கிளார்க். அது ஒன்றுதான் அந்தக் கூட்டத்தில் அவர் சொன்ன உண்மை. கூட்டம் கை தட்டியது.

அதிகாரி முகம் மலர்ந்தது. "ஸ்டார்ட் பண்ணுங்க. நீங்களே மைக்ல ரெண்டு வார்த்தை பேசுங்க."

முதல் இழுப்பிலேயே ஓடியது. கிளார்க்குக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மைக்கைப் பிடித்துக்கொண்டு, "ஊர்ச் சொத்தை நான் கண்ணு மாதிரி..." என்று ஆரம்பித்தார்.

அப்போது கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு மனைவியின் தம்பி வந்தான். நேரே மேடையேறி, அவர் காதருகே குனிந்தான். நடுவில் இருந்த மைக்கை அவன் கவனிக்கவில்லை. அவன் சொன்ன ரகசியம் ஊர் முழுக்க ஸ்பீக்கரில் கேட்டது.

"அத்தான், கோவிச்சுக்காதீங்க. நம்ம ஜெனரேட்டரைப் பக்கத்து ஊர் கிளார்க்கு வாடகைக்கு எடுத்திருக்காரு. நேத்து அவங்க தணிக்கையில காட்டணும்னு கேட்டாரு, நான்தான் பச்சை பெயிண்ட் அடிச்சுக் குடுத்தேன்!"