பதினான்கு வரியில் ஒரு மறுப்பு

இங்கிலீஷ் இலக்கியம் படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதையும் நேராகச் சொல்ல வராது. தாகம் எடுத்தால் தண்ணீர் கேட்க மாட்டோம். பாலைவனத்தைப் பற்றிப் பேசுவோம். எதிரில் இருப்பவர் புரிந்துகொண்டு தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பார் என்று நம்புவோம். (கொடுக்க மாட்டார்.) எனக்கு இந்த வியாதி முற்றிப்போய்க் கல்யாணத்தில் முடிந்தது.

எழுபதுகளின் தொடக்கம். மேற்குத் தாம்பரத்தில் எங்கள் வீடு. அப்பா ரயில்வேயில் குமாஸ்தா. நான் தினமும் மின்சார ரயிலில் பட்டணத்துக்குப் போய், ஒரு பெண்கள் கல்லூரியில் பி.ஏ. லிட்டரேச்சர் படித்தேன். அப்பாவுக்கு இலக்கியத்தின் மேல் பிரியம் என்று யாரும் தப்பாக நினைத்துவிட வேண்டாம். "மேத்ஸ் படிச்சா கண்ணாடி வந்துடும். கெமிஸ்ட்ரி படிச்சா ஆசிட் பட்டு கை வெந்துடும். லிட்டரேச்சர்னா டீசன்ட். வரன் தானா வரும்" என்று கல்லூரியில் சேர்க்கும்போதே சொல்லிவிட்டார். பாவம், ஒளிவு மறைவு இல்லாத மனிதர்.

நான்தான் எழுத்தாளர் ஆகப்போவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். கட்டுரை வகுப்பில் மிஸ் என்னுடையதை மட்டும் உரக்கப் படித்துக் காட்டுவார். அந்தக் கர்வத்தில் திரும்பி வரும்போது ரயிலில் யாரோடும் பேச மாட்டேன். பல்லாவரம் மலையைப் பார்த்து, பார்க்காத இங்கிலாந்தை நினைத்துப் பெருமூச்சு விடுவேன். மலையில் கல் உடைத்துக்கொண்டிருப்பார்கள். அதெல்லாம் என் கண்ணில் படாது.

ரிசல்ட் வந்தது. முதல் வகுப்பு. எம்.ஏ.வில் இடம் இருக்கிறது, திங்கட்கிழமை அப்பாவை அழைத்துக்கொண்டு வா, விட்டால் வேறு பெண்ணுக்குப் போய்விடும் என்று மிஸ் சொன்னார். குதித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால், ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள் என்றார் அம்மா.

"அப்பா, என் எம்.ஏ...?"

"அதெல்லாம் அவங்ககிட்ட கேட்டுக்கலாம்மா. பெரிய மனசுக்காரங்க."

(பெரிய மனசுக்காரர்களிடம் கடைசி வரை யாரும் கேட்கவில்லை.)

குரோம்பேட்டைக் குடும்பம். பையனுக்கு மத்திய அரசு உத்தியோகம். தரகர் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போயிருந்தார்: "பாட்டெல்லாம் வேணாமாம். டில்லி பக்கம் மாத்தலாகுற வேலை, நாலு ஆபீசருங்க வூட்டுக்குப் போய் வரணும். பொண்ணு இங்கிலீஷ்ல எதுனா சொல்லிக் காட்டினா போதுமாம்."

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. (செய்யாமல் இருந்திருக்கலாம்.) அவர்கள் முன்னாலேயே இங்கிலீஷில் மறுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். சனிக்கிழமை நூலகப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, லேடீஸ் பெட்டியில் உட்கார்ந்து பதினான்கு வரியில் ஒரு கவிதை எழுதினேன். முறையான சந்தம், முறையான எதுகை. அதன் சாரம் இவ்வளவுதான்: ஐயா, இந்தப் பெண்ணுக்குக் கல்யாணத்தில் விருப்பம் இல்லை, எம்.ஏ. படிக்க ஆசை; தயவுசெய்து கேசரியைச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போய்விடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். பையன், அவருடைய அம்மா, அப்பா. பையனின் அப்பா ஓய்வுபெற்ற தலைமைக் குமாஸ்தா. நான் தட்டை வைத்து நமஸ்காரம் செய்தேன். அவர் தொண்டையைச் செருமினார்.

"எங்கேம்மா, லிட்டரேச்சர்ல ஏதாவது சொல்லு, கேட்போம்."

எழுந்து நின்றேன். கல்லூரிப் பேச்சுப் போட்டியில் நிற்பதுபோல் ஒரு காலை முன்னால் வைத்து, கையை நெஞ்சருகே கொண்டுபோய் ஆரம்பித்தேன். குரல் ஏறவேண்டிய இடத்தில் ஏறியது, நடுங்கவேண்டிய இடத்தில் நடுங்கியது. "விருப்பம் இல்லை" என்ற வரியில் பையனையே நேராகப் பார்த்தேன். அவர் தலைகுனிந்து பஜ்ஜியைப் பார்த்தார். கேசரிக்கு இங்கிலீஷில் வார்த்தை கிடைக்காததால் கேசரி என்றே வைத்திருந்தேன். அது ஒன்று மட்டும் அவருடைய அம்மாவுக்குப் புரிந்தது.

"ஆமாம்மா, கேசரி ரொம்ப நல்லா இருக்கு. நீ பண்ணதா?" என்றார்.

முடித்தேன். அப்புறம் என் வருங்கால மாமனார் கை தட்டினார்.

"அடாடா, என்ன ஃப்ளோ! இது யார் எழுதினது?"

கடவுள் எனக்குக் கொடுத்த கடைசிச் சந்தர்ப்பம் அது. இதற்கு அர்த்தம் இதுதான் என்று தமிழில் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் திங்கட்கிழமை காலை ரயிலில் இருந்திருப்பேன். ஆனால் அப்பா வாசலோரம் துண்டைக் கசக்கிக்கொண்டு நின்றிருந்தார். தமிழில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நான் தைரியசாலியாக இருந்ததெல்லாம் இங்கிலீஷில்தான். அதோடு, கை தட்டிவிட்டாரே! எழுதுகிறவளிடம் யார் எழுதினது என்று கேட்டால் என்ன செய்வாள்?

"நானேதான்" என்றேன்.

"சொந்தமாவே எழுதுவியா!" என்று அவர் மனைவியைப் பார்த்தார். "கேட்டியா? பீர்க்கன்கரணை விஷயத்துக்கு இனிமே வெளியில ஆள் தேட வேணாம்."

பீர்க்கன்கரணை ஏரிக்குப் பக்கத்தில் அவர் ஒரு மனை வாங்கியிருந்தார். மழை வந்தால் மனை ஏரிக்குள் போய்விடும், வெயில் வந்தால் வெளியே வரும். அதற்காக அவர் அரசாங்கத்துக்கு இங்கிலீஷில் மனு போட்டுக்கொண்டிருந்தார். அங்கேயே வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள். திங்கட்கிழமை நான் பட்டுப்புடவைக்கு அளவு ஜாக்கெட் தேடிக்கொண்டிருந்தேன். என் இடம் வேறு பெண்ணுக்குப் போனது. அவள் பின்னால் பேராசிரியை ஆனதாகக் கேள்வி. நன்றாக இருக்கட்டும்.

கல்யாணம் ஆகி முதல் தடவையாகப் பிறந்த வீட்டுக்கு ரயிலில் வரும்போது, என் கணவர் வேர்க்கடலையை உரித்துக்கொண்டே சொன்னார்:

"அன்னைக்கு எம்.ஏ. படிக்கணும்னு சொன்னே இல்ல?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்களுக்குப் புரிஞ்சுதா?"

"ஏன் புரியாம? கேசரி சாப்பிட்டுட்டு எழுந்து போங்கன்னது வரைக்கும் புரிஞ்சுது."

"அப்புறம் ஏங்க சரின்னு சொன்னீங்க?"

"உச்சரிப்பு ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றார்.

அன்றைக்கு வந்த கோபம் இன்னும் எனக்கு ஆறவில்லை. கெட்டவர் என்று சொல்ல முடியாது. அடித்ததில்லை, திட்டினதில்லை. ஒரு பெண் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்வதைக் கேட்டு, அதன் உச்சரிப்பை ரசித்த மனிதர். அவ்வளவுதான்.

டில்லி மாற்றல் வரவே இல்லை. ஆபீசர்கள் வீட்டுக்கும் போகவில்லை. ஆனால் எழுத்தாளர் ஆனேன். ஏரித் தண்ணீருக்கு, தெருவிளக்குக்கு, அடைத்துக்கொண்ட சாக்கடைக்கு, தெருக்குழாய்க்கு என்று மாமனார் வீட்டுக்கும் அவர் சிநேகிதர்கள் வீட்டுக்கும் எழுதித் தள்ளினேன். என் எழுத்தைப் படித்து யாரும் ஒரு குழாயைக்கூடப் பழுது பார்த்ததில்லை. நடை நன்றாக இருந்ததாக மட்டும் ஒரு இன்ஜினியர் சொல்லி அனுப்பினார்.

இந்தக் கதையை என் கணவர் எல்லாக் கல்யாணப் பந்தியிலும் சொல்வார். கேசரி வரும் இடத்தில் எல்லோரும் இலையைப் பார்த்துச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வீட்டில் எதையாவது மாட்டேன் என்றால், "இங்கிலீஷ்ல சொல்லும்மா, அப்பதான் நடக்கும்" என்பான் எங்கள் மகன்.

பிற்பாடு என் பெண்ணைப் பார்க்க வந்தார்கள். என் கணவர் வந்தவர்களிடம் அதே கதையை எடுத்துவிட்டார். அவர்கள் சிரித்து முடிக்கும் வரை என் பெண் பொறுமையாக நின்றாள். அப்புறம், "எனக்கு இப்ப கல்யாணம் வேணாம், மேல படிக்கணும். மன்னிச்சுக்கோங்க" என்று தமிழில் சொன்னாள். எல்லோருக்கும் புரிந்தது. காபியை முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

என் கணவர் வாசல் கதவைச் சாத்திவிட்டு என்னிடம் வந்தார். "என்னடி இது, உன் பொண்ணு இப்படிப் பட்டுனு சொல்லிட்டா?"

"அவ படிச்சது கெமிஸ்ட்ரிங்க" என்றேன்.