சிசோமம்மாவை மாற்றக்கூடாது

கிட்ட வாங்க கண்ணுகளா, நல்லா ஒட்டி உட்காருங்க. கடல் தாண்டி வந்த ஒருத்தியை ஒரு தெருவே காரை மறித்து நிறுத்திக்கொண்ட கதை சொல்கிறேன். முடிக்கிறவரை யாரும் எழுந்திருக்கக்கூடாது.

மாடத்தி வீட்டுக் கதவைச் சிசோமோ தட்டி ஐந்து நிமிடமாகிவிட்டது. உள்ளே ஆள் இருக்கிறது. எதையோ தரதரவென்று இழுக்கிறார்கள். "ஏலே, சீக்கிரம்லே" என்று யாரோ அதட்டுகிறார்கள். கதவு மட்டும் திறக்கவில்லை.

மலாவி நாட்டிலிருந்து சபை ஊழியத்துக்கு வந்தவள் சிசோமோ. எம். புதுப்பட்டிக்குத் தெற்கே, வேதக்காரர் என்று சொல்கிற கிறிஸ்தவர் ஒருவர்கூட இல்லாத ஒரு சின்ன ஊரில் வாடகைக்கு வீடு பிடித்திருந்தாள். அவளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் ஒரு வயதான போதகர். அதனால் ஜெபத்தில் பேசுகிற தமிழ்தான் அவளுக்கு வரும்.

கதவு திறந்தது. மாடத்தி வியர்த்துப்போய் நின்றாள்.

"வாங்கம்மா, வாங்க. சாப்பிட்டீகளா?"

"உமது வீட்டுக்குச் சமாதானம் உண்டாவதாக. நான் உம்மை வருத்தப்படுத்தினேனோ?"

"அய்ய, அதெல்லாம் இல்லம்மா. வீடு தூத்துக்கிட்டு இருந்தேன்."

ஒரு தட்டு நிறையக் காராச்சேவும் பன்னீர் சோடாவும் வந்தன. பத்து நிமிடம் பேசினார்கள். அந்தப் பத்து நிமிடமும் மாடத்தி உள்ளறைக் கதவில் முதுகைச் சாய்த்தபடியே நின்றாள்.

தெருவில் எல்லா வீடும் இப்படித்தான். தட்டினால் திறக்க நேரமாகும். திறந்தால் தின்ன வைப்பார்கள். மனசு மட்டும் திறப்பதில்லை.

வீட்டுக்கு வந்து சிசோமோ நாட்காட்டியில் இன்னொரு நாளை அடித்தாள். விருதுநகர் மிஷன் கமிட்டிச் செயலாளர் தேவாசீர்வாதம் அவளுக்கு இரண்டே மாதம்தான் தவணை கொடுத்திருந்தார்.

"சனங்க உங்களைச் சேத்துக்கலைன்னா மிஷன் பங்களாவுக்கே வந்துருங்க சிஸ்டர். அங்கன சமையலுக்கு ஆள் இருக்கு, ஏசி இருக்கு."

"நான் இந்தத் தெருவைவிட்டு விலகுவதில்லை" என்று சிசோமோ அன்றைக்கே சொல்லிவிட்டாள். சொந்த நாட்டில் வெள்ளத்தில் நீந்திப்போய் ஊழியம் செய்தவள் அவள். ஏசியில் உட்காரவா கப்பலளவு பெட்டியோடு வந்தாள்?

எம். புதுப்பட்டிச் சபைப் பள்ளிக்கூடத்து டீச்சர் ஸ்வீட்டியிடம் யோசனை கேட்டாள்.

"வெறுங்கையோட போனா எப்படிக்கா ஒட்டுவாக? வீட்டுக்கு எத்தனை பேரு, என்ன பேரு, என்ன வேலைன்னு கேட்டு எழுதிக்கோங்க. பேரு சொல்லி ஜெபம் பண்ணுங்க. மனசு இளகிரும்."

நல்ல யோசனை. மறுநாள் காலையே நீளமான நோட்டு ஒன்று வாங்கிக்கொண்டு கிளம்பினாள்.

இப்போது மாடத்தி வீட்டுக் கதவு திறக்கப் பத்து நிமிடமானது.

"உமது வீட்டார் எத்தனை பேர்? அவர்கள் என்ன தொழில் செய்கிறார்கள்?"

மாடத்தியின் புருசன் சங்கிலிமுத்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "நாங்க ரெண்டு பேருதான்மா. தொழில்னு ஒண்ணுமில்ல. சும்மாதான் இருக்கோம்."

"தொழிலே இல்லையா?"

"வேலைன்னாலே எங்களுக்கு ஆகாதும்மா."

ஐயோ பாவம், தீபாவளி சீசனில்கூட இவர்களுக்கு வேலை இல்லையே என்று சிசோமோ கண்கலங்கி நோட்டில் எழுதிக்கொண்டாள். தெரு முழுக்க எழுதினாள். முப்பத்தோரு வீட்டில் ஒருவருக்கும் தொழிலில்லை.

ஒருவேளை தன் பூப்போட்ட நீளக்கவுன்தான் இவர்களை மிரட்டுகிறதோ? கஞ்சி போட்ட கைத்தறிச் சேலை உடுத்தி, கொண்டை போட்டு, கண்ணாடியும் மாட்டிக்கொண்டு போனாள். அன்றைக்கு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

சரி, நாம் வருவது தெரிந்து விருந்து தயாரிக்கத்தான் இத்தனை நேரமாகிறது, சொல்லாமல் போவோம் என்று விடிந்ததும் விடியாததுமாகப் போனாள். கொல்லைச் சுவரில் பாதி ஏறிய நிலையில் ஒரு சாக்கோடு சங்கிலிமுத்து அகப்பட்டான்.

"மாட்டுக்குத் தீவனம்மா" என்றான், சுவரில் இருந்தபடியே.

அந்த வீட்டில் மாடு இல்லை. பக்கத்து வீட்டு மாட்டுக்கும் இரங்குகிற மனசு என்று அதையும் எழுதிக்கொண்டாள்.

கடைசியில் அவளுக்கே ஒன்று தோன்றியது. வேலையில்லாத ஏழைகளிடம் சேவும் சோடாவும் வாங்கித் தின்பது பாவம். அன்றைக்குத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"இனி உமது கையிலிருந்து ஒன்றையும் நான் வாங்கமாட்டேன்."

மாடத்திக்கு முகம் வெளிறிப்போனது. "என்னம்மா கோவம்? என்ன வேணும்னாலும் சொல்லுங்க, செஞ்சிரலாம்."

"எனக்கு ஒன்றும் வேண்டாம்."

மறுநாள் சிசோமோவின் வாசலில் ஒரு பெட்டிச் சேவு, ஒரு தார் வாழைப்பழம், காலைக் கட்டிப்போட்ட சேவல் ஒன்று. சேவலை அவிழ்த்துவிட்டாள். அதற்கடுத்த நாள் இரண்டு சேவல் இருந்தது.

தவணை நாள் வந்தது. தேவாசீர்வாதம் காரில் வந்து இறங்கித் தெருவைப் பார்த்தார். அத்தனை கதவும் சாத்திக் கிடந்தது.

"பாத்தீகளா சிஸ்டர்? வெளியூர்க் காரைக் கண்டதும் கதவைச் சாத்துற ஊரு. பெட்டியைக் கட்டுங்க, போவோம்."

"நான் வருவதில்லை."

"கமிட்டி முடிவும்மா."

"கமிட்டி முடிவு கமிட்டிக்கு. நான் இங்கேயே தங்கியிருப்பேன்."

சொல்லிவிட்டு வாசற்படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். தேவாசீர்வாதம் கெஞ்சினார், பிறகு குரலை உயர்த்தினார். அவள் அசையவில்லை. டிரைவர் மணிமுத்துவே உள்ளே போய்ப் பெட்டியைத் தூக்கிவந்து காரில் ஏற்றினான்.

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. "ஏய், அம்மாவை மாத்துறாகளாம்டி."

அவ்வளவுதான். சாத்திக்கிடந்த கதவெல்லாம் படபடவென்று திறந்தன. முழங்கைவரை வெள்ளியாய் மினுங்குகிற கைகளோடு பெண்கள் ஓடிவந்து காரைச் சுற்றி நின்றார்கள். சங்கிலிமுத்து காருக்கு முன்னால் மண்ணில் படுத்தே விட்டான்.

"யாருய்யா நீரு, எங்க அம்மாவைத் தூக்குறதுக்கு?" மாடத்தி இடுப்பில் முந்தானையைச் செருகினாள். "இவுக போற அன்னைக்கு இந்தத் தெருவுல அடுப்பு எரியாது, சொல்லிட்டேன்."

"இல்லம்மா, இவங்களுக்குப் பதிலா வேற ஒருத்தரை..."

"வேற ஆளு இங்கன கால வைக்கட்டும் பாப்போம்."

தேவாசீர்வாதத்தின் கண்ணில் நீர் நிறைந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இருபத்தெட்டு வருச ஊழியத்துல இப்படியொரு அன்பை நான் பாத்ததில்ல சிஸ்டர். நீங்க இங்கயே இருங்க. எத்தனை வருசம் வேணும்னாலும் இருங்க."

சிசோமோ பெட்டியைத் தானே இறக்கித் தலைநிமிர்ந்து உள்ளே கொண்டுபோனாள். தெரு ஆர்ப்பரித்தது.

கார் கிளம்புவதற்குள் மணிமுத்து தெருமுனையில் டீ குடிக்கப் போனான். டீக்கடைக்காரர் ஊர்க்காவலன் கண்ணைத் துடைத்துக்கொண்டே டீ ஆற்றினார்.

"ஏம்ணே, ஒரு சர்ச்சு ஊழியக்கார அம்மாவுக்காகவா இந்த ஊரு இப்படி உசுரை விடுது?"

ஊர்க்காவலன் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"சர்ச்சுன்னு சொல்லிக்கிட்டு வந்த இன்ஸ்பெக்சன் ஆபீசர் தம்பி அது, வீட்டுக்கு வீடு திருட்டுத்தனமாச் சரவெடி பின்னுறதை ரெண்டு மாசமாப் பாத்தும் ஒருத்தர் மேலயும் கேசு போடல, இம்புட்டு நல்ல ஆபீசரை மாத்த விட்டுருவோமா?"

நல்லா இருங்க கண்ணுகளா. உங்கள் வீட்டில் உலை பொங்கட்டும், பிள்ளைகள் சிரிக்கட்டும், வேலைக்குப் போனவர்கள் பொழுது சாயும்போது முழு உடம்போடு வீடு திரும்பட்டும்.