இருபது நிமிட மீனும் இரண்டு மணி நேரக் காவலும்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் அக்காவின் கணவன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நலமில்லை. அவ்விடமும் அப்படியே ஆகட்டும் என்று எழுதத்தான் கை வந்தது; வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்களே என்று விட்டுவிட்டேன். நேற்று, புதன்கிழமை, தங்கள் புண்ணியத்தில் என் வீட்டில் நடந்ததைத் தாங்கள் ஒரு வரி விடாமல் படித்தே தீர வேண்டும். போனில் சொல்லலாம்தான். போனில் தாங்கள் நடுவில் சிரிப்பீர்கள்.

நான் பணி ஓய்வு பெற்ற அன்று தாங்கள் ஓர் ஓவனைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றீர்கள். முப்பத்து நான்கு வருடம் கொதிகலன் ஆய்வாளராக ஆலை ஆலையாக ஏறி இறங்கியவனுக்கு வீட்டிலும் ஒரு நெருப்புப் பெட்டி எதற்கு என்று கேட்டேன். பொழுது போகும் என்றீர்கள். ஆறு மாதம் அது துணி போர்த்திக்கொண்டு சமையலறை மூலையில் கிடந்தது, என்னைப் போலவே. அதற்குள் தங்கள் அக்கா ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசைக்கு அரை நாள் வேலையாகப் போக ஆரம்பித்தாள். போன ஞாயிற்றுக்கிழமை என்னை உட்காரவைத்து, டாக்டர் முழுநேரமாக வரச் சொல்கிறார், வியாழக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும், வாரத்தில் நாலு நாள் இரவுச் சாப்பாட்டை நான் பார்த்துக்கொண்டால் சேரலாம், முடியாதென்றால் இப்போதே சொல்லிவிடுங்கள் என்றாள். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். சமையல் என்ன பெரிய பிரம்ம வித்தையா என்று கேட்டுத் தொலைத்தேன்.

உன்னிடம் கேட்டேன்; அன்று சாயங்காலமே நீ ஓவனில் மீன் சுட ஒரு செய்முறையை எழுதி அனுப்பினாய். (இதற்கு மேல் 'தாங்கள்' கிடையாது. மரியாதைக்கும் ஓர் அளவு உண்டு.) அதைச் செய்முறை என்று சொல்ல உனக்கு வாய் கூசவில்லையா? 'உப்பு தேவையான அளவு.' யாருக்குத் தேவையான அளவு? மீனுக்கா, எனக்கா? 'மிளகுத்தூள் கொஞ்சம்.' ஒரு கொதிகலன் அறிக்கையில் 'அழுத்தம் கொஞ்சம் இருந்தது' என்று நான் எழுதியிருந்தால் ஆலையோடு அக்கம்பக்கமும் மேலே போயிருக்கும். துண்டுகள் ஒரே கனத்தில் இருக்க வேண்டும் என்று ஒரே ஒரு இடத்தில்தான் உருப்படியாக எழுதியிருந்தாய். அதை நம்பி, கொதிகலன் தகட்டின் கனம் பார்க்கும் கருவியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் ஒவ்வொரு துண்டாக அளந்தேன். எனக்குப் பின்னால் ஒன்பது பேர் வரிசையில் நின்றார்கள். மீன்காரம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "சார், மீனு நீங்க சொல்ற அளவுக்கு வளராது" என்றாள். வரிசை மொத்தமும் சிரித்தது. அத்தனை பேர் முன்னால் நான் பட்ட அவமானத்துக்கு நீதான் பொறுப்பு.

சரி, போகட்டும். முள் நீக்கிய ஆறு துண்டுகளைக் கழுவித் துடைத்து, பூண்டைத் தட்டி, எலுமிச்சை பிழிந்து, எண்ணெயும் உப்பும் மிளகுத்தூளும் மிளகாய்த்தூளும் கலந்து, மூலை முடுக்கு விடாமல் தடவினேன். ஓவனை இருநூறு டிகிரிக்குச் சூடாக்கி, ஆறே முக்காலுக்குத் தட்டை உள்ளே தள்ளினேன். ஏழு ஐந்துக்கு மணி அடித்தது. அதுவரைக்கும் உன் செய்முறையில் நான் இம்மியும் பிசகவில்லை. அடுத்த வரியைப் பார்த்தேன். 'உடனே கதவைத் திறந்து எடுத்துச் சூடாகப் பரிமாறவும்.' உடனேயா? ஆறாத கலனைத் திறக்கக் கூடாது என்பது எங்கள் வேலையில் முதல் பாடம். திறந்த குற்றத்துக்காக இரண்டு பேரை வேலையிலிருந்து நிறுத்தி வைக்க எழுதிக்கொடுத்தவன் நான். கல்யாண வயதில் பெண் இருக்கிறது என்று காலில் விழுந்தவர்களிடம்கூட இரங்கவில்லை. இன்றைக்கு மீனுக்காக இரங்குவேனா? ஓவனை அணைத்தேன். 'ஆறும் வரை திறக்காதே' என்று தாளில் எழுதிக் கதவில் ஒட்டினேன். நாற்காலியைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

ஏழரைக்கு உன் அக்கா வந்தாள். வாசலிலேயே மூக்கை உறிஞ்சி, நல்ல வாசனை என்றாள். நேராக ஓவனுக்குப் போனவளைக் கையை விரித்து மறித்தேன். அவள் தாளைப் படித்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் தாளைப் படித்தாள்.

"அது அடுப்புங்க. பாய்லர் இல்ல."

நான் அசையவில்லை. விதி விதிதான். கைபொறுக்கும் சூடு வர ஒன்பது மணி ஆகிவிட்டது. திறந்தேன். மீன் என்று உள்ளே போனது, செருப்புத் தைக்கிறவர் பார்த்தால் நல்ல விலை சொல்லும் பதத்தில் வெளியே வந்தது. உன் அக்கா ஒரு வாய் மென்றாள். மென்றுகொண்டே இருந்தாள். பிறகு தண்ணீரைக் குடித்துவிட்டு, இரண்டு துண்டு ரொட்டியும் ஒரு வாழைப்பழமும் எடுத்துக்கொண்டாள். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன்.

"நாளைக்கு டாக்டர்கிட்ட முடியாதுன்னு சொல்லிடறேன்" என்று மட்டும் சொன்னாள்.

அந்த வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் அவள் சாயங்காலங்களில் பேசுகிறாள். ஊசியைப் பார்த்து மயங்கி விழுந்த போலீஸ்காரரை நடித்துக் காட்டுகிறாள். இருபத்தெட்டு வருடம் வீட்டுக்குள் வைத்திருந்தேன். இவளுக்கு இப்படி நடிக்க வரும் என்று எனக்குத் தெரியாது. அதை ஒரு தட்டு மீனால் கெடுத்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது. வெட்கத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாததால் உன்மேல் கோபமாக இருக்கிறேன். உன் ஓவனை ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து எடுத்துப் போ. இனி எனக்கு எந்தச் செய்முறையும் அனுப்பாதே.

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு ஆசிகள். உனக்கு ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
உன் அக்காவின் கணவன்

பி.கு.: மேலே எழுதியது எல்லாம் ரத்து. கடிதத்தை உறையில் போட்டதும் மனசு கேட்கவில்லை. அவள் குளிக்கப் போனதும் அடுத்த தெருவில் இருக்கும் அவள் மருத்துவமனைக்கு ஓடி டாக்டரைப் பிடித்தேன். அவள் முடியாது என்று சொன்னால் ஏற்காதீர்கள், குற்றம் என்னுடையது, இன்னொரு வாய்ப்புக் கொடுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "அவங்க போன வெள்ளிக்கிழமையே கையெழுத்துப் போட்டுட்டாங்களே சார்" என்றார். வந்ததுதான் வந்தீர்கள் என்று வாயைத் திறக்கச் சொல்லி ஒரு கடைவாய்ப்பல்லையும் பார்த்துவிட்டார். வீட்டுக்கு வந்து கேட்டால் உன் அக்கா தலையைத் துவட்டிக்கொண்டே, "நான் வேலைக்குப் போறதுக்கு உங்க மீனு வேகணும்னு எதுக்குக் காத்திருக்கணும்? நீங்க என்ன செய்வீங்கன்னு பாத்தேன்" என்கிறாள். ஓவனை எடுக்க வராதே, இன்றைக்கும் மீன்தான். கோழிக்கும் ஒரு செய்முறை அனுப்பு, உப்பைக் கிராமில் எழுது. நான் டாக்டரிடம் போன கதை உனக்குத் தெரிந்ததாக மட்டும் காட்டிக்கொள்ளாதே. அதை உன்னிடம் நடித்துக் காட்ட அவள் ஞாயிற்றுக்கிழமை அங்கே வருகிறாள்.